வைரல் வீடியோவா, சலிப்பூட்டும் வரைபடமா? மைனஸ் 269 டிகிரி சொல்லித்தரும் பாடம்

2023 ஜூலை கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? காந்தத்தின் மேல் ஒரு சின்னக் கறுப்புக் கல். ஒரு முனை மட்டும் காந்தத்தைத் தொட்டபடி இருக்க, மறுமுனை அந்தரத்தில் நிற்கும். அந்த வீடியோ உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும். தென்கொரிய ஆய்வாளர்கள் 'எல்கே-99' என்று பெயர் வைத்த பொருள் அது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்தது. 127 டிகிரி செல்சியஸ் வரை மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் சூப்பர் கண்டக்டர், அதாவது மீக்கடத்தி என்று அறிவித்தார்கள். மின்கம்பியில் இழப்பு இருக்காது, ரயில் மிதக்கும், ஃபோன் சூடாகாது என்று ஆளாளுக்குக் கனவு கண்டோம்.

சில வாரங்களில் கதை முடிந்தது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அதே பொருளைத் தயாரித்துப் பார்த்தார்கள்; மீக்கடத்தும் தன்மை தெரியவில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் அதைத் தூய படிகமாக வளர்த்தார்கள். அது மின்சாரத்தையே கடத்தவில்லை. அப்போ முதலில் மின்தடை சட்டென்று விழுந்தது எப்படி? தயாரிக்கும்போது கூடவே உருவாகிவிடும் காப்பர் சல்பைடுதான் காரணம் என்று தெரிந்தது. சுமார் 104 டிகிரி செல்சியஸில் காப்பர் சல்பைடு தன் உள் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது மின்தடையும் மாறும், வெப்ப ஏற்புத்திறனிலும் ஒரு கூர்மையான முகடு தெரியும். இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் இதைச் சுட்டிக்காட்டினார்.

வெப்ப ஏற்புத்திறன். பதினொன்றாம் வகுப்பில் படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துபோன வார்த்தை. என் கருத்து இதுதான்: ஒரு புதுப் பொருளைப் பற்றிப் பெரிய அறிவிப்பு வரும்போது, "மிதக்குதா?" என்பதைவிட "இதோட வெப்ப ஏற்புத்திறனை ஒழுங்கா அளந்தாங்களா?" என்பதுதான் உருப்படியான கேள்வி. அந்த அளவீடு மெதுவானது, சலிப்பானது, வீடியோவுக்கு லாயக்கில்லாதது. ஆனால் ஏமாற்றுவது கடினம். ஏன் என்று பார்ப்போம்.

தோசைக்கல்லில் இருந்து தொடங்கலாம்

கனமான இரும்பு தோசைக்கல் சூடாக நேரம் எடுக்கும். மெல்லிய நான்ஸ்டிக் தவா சட்டென்று சூடாகிவிடும். ஒரு பொருளின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த எவ்வளவு வெப்பம் கொடுக்க வேண்டுமோ, அதுதான் அதன் வெப்ப ஏற்புத்திறன். அவ்வளவுதான்.

1819ல் பிரான்ஸைச் சேர்ந்த டுலாங், பெடி என்ற இருவர் ஒரு அழகான விதியைச் சொன்னார்கள். திடநிலையில் உள்ள தனிமங்களை ஒரே எண்ணிக்கையிலான அணுக்களாக எடுத்துக்கொண்டால், அது செம்போ ஈயமோ வெள்ளியோ, வெப்ப ஏற்புத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்றைய கணக்கில் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்குச் சுமார் 25 ஜூல்.

விதிக்கு அடங்காத ஒரு பொருள் இருந்தது. வைரம். அறை வெப்பநிலையில் அதற்கு சுமார் 6 ஜூல்தான். 1872ல் ஹைன்ரிக் வெபர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இதைத் தோண்ட ஆரம்பித்தார். பனிக்கட்டி எவ்வளவு உருகுகிறது என்பதை வைத்து வெப்பத்தை அளக்கும் கருவி அவருடையது. மார்ச் மாதம் வந்தது, பனி தீர்ந்துபோனது, சோதனையும் நின்றது! பிறகு தொடர்ந்து, 1875ல் மைனஸ் 100 டிகிரியில் இருந்து 1,000 டிகிரி வரை அளந்து வெளியிட்டார். வைரத்தைச் சூடாக்கினால் விதிக்குப் பக்கத்தில் வருகிறது, குளிர்வித்தால் ஏற்புத்திறன் இன்னும் சரிகிறது. காரணம் யாருக்கும் புரியவில்லை.

புரியவைத்தவர், பின்னாளில் ஜூரிச்சில் அதே வெபரிடம் படித்த மாணவர் ஐன்ஸ்டைன். 1907ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது: அணுக்களின் அதிர்வு எந்த அளவு ஆற்றலையும் வாங்கிக்கொள்ளாது, குறிப்பிட்ட அளவுள்ள பொட்டலங்களாகத்தான் வாங்கும். நல்ல சூட்டில் பொட்டலங்கள் தாராளமாகக் கிடைக்கும். குளிரில் ஒரு முழுப் பொட்டலம் வாங்கக்கூட வசதி இருக்காது. அதனால் அதிர்வுகள் ஒவ்வொன்றாக 'உறைந்து' போகும். வெப்ப ஏற்புத்திறன் சுழியை நோக்கி விழும். திடப்பொருளுக்குள் குவாண்டம் இயற்பியல் நுழைந்த கதவு இதுதான். அந்தக் கதவின் சாவி, ஒரு வைரத்தைப் பொறுமையாக அளந்து வைத்திருந்த பழைய அட்டவணை.

ஒரு கம்பி, இரண்டு வேலை

ஐன்ஸ்டைன் சொன்னதை அன்று பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைமையை மாற்றியது பெர்லினில் வால்டர் நெர்ன்ஸ்ட் குழுவின் அளவீடுகள். திரவ ஹைட்ரஜன் வரை குளிர்வித்து, உலோகங்களையும் உப்புகளையும் வரிசையாக அளந்தார்கள். 1910, 1911ல் வந்த முடிவுகள், வெப்ப ஏற்புத்திறன் எல்லாப் பொருளுக்கும் குளிரில் விழுகிறது என்று காட்டின. 1912ல் பீட்டர் டெபை ஐன்ஸ்டைனின் கணக்கைத் திருத்தினார்: மிகக் குறைந்த வெப்பநிலையில், வெப்பநிலையைப் பாதியாக்கினால் அணு அதிர்வுகளின் வெப்ப ஏற்புத்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

நெர்ன்ஸ்ட், அவருடைய உதவியாளர் ஆய்கன் ஆகியோர் உருவாக்கிய கருவியின் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. மாதிரியை வெற்றிடத்தில் தொங்கவிடுங்கள். அதன் மேல் ஒரு பிளாட்டினக் கம்பி சுற்றுங்கள். மின்சாரம் கொடுத்தால் அந்தக் கம்பி ஹீட்டர்; கம்பியின் மின்தடையைப் பார்த்தால் அதுவே வெப்பமானி. எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம், எத்தனை விநாடி என்று தெரிந்தால் கொடுத்த வெப்பம் தெரியும். வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை.

இவ்வளவு சுலபமா? பள்ளிக் கணக்காக எழுதும்போது சுலபம்தான். கஷ்டம் எங்கே என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

அறை வெப்பநிலையில் 1 கிராம் செம்பை 1 டிகிரி ஏற்ற சுமார் 0.39 ஜூல் வேண்டும். அதே செம்பைத் திரவ ஹீலியத்தில் வைத்து 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால், 0.0001 ஜூல் போதும். கிட்டத்தட்ட 4,000 மடங்கு குறைவு. இப்போது எங்கிருந்தோ ஒரு மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வெப்பம் கசிந்து வருகிறது என்று வையுங்கள். 100 விநாடியில் அந்தச் செம்பு 1 கெல்வின் சூடாகிவிடும். 4.2 இருந்த இடத்தில் 5.2! அறை வெப்பநிலையில் இதே கசிவு, கண்டுபிடிக்கவே முடியாத ஒரு சின்னச் சலனம்.

குளிர ஆரம்பித்ததும் எல்லாப் பொருளும் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் காகிதம் மாதிரி ஆகிவிடுகிறது. மேலே இருந்து இறங்கும் கம்பி வழியாக வெப்பம் வரும். சுவரில் இருந்து கதிர்வீச்சாக வரும். வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் வாயு வழியாக வரும். கட்டடம் லேசாக அதிர்ந்தால்கூட, உராய்வாக வரும். அதனால்தான் கம்பிகள் தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கும். மாதிரியைச் சுற்றி அடுக்கடுக்காக உலோக மறைப்புகள் இருக்கும்.

நெய் கொஞ்சம், தூக்குவாளி கனம்

வெப்பக் கசிவையாவது தடுக்கலாம். அதைவிடத் தந்திரமான எதிரி ஒன்று இருக்கிறது.

கடையில் நெய் வாங்கும்போது முதலில் தூக்குவாளியை எடை போடுவார்கள். பிறகு நெய்யோடு எடை போட்டு, வாளியின் எடையைக் கழிப்பார்கள். இங்கேயும் அதே கதை. மாதிரியோடு ஹீட்டர், வெப்பமானி, அவை ஒட்டியிருக்கும் சின்ன மேடை, ஒட்டப் பயன்படுத்திய கிரீஸ் எல்லாம் சேர்ந்துதான் சூடாகும். அவற்றை மட்டும் தனியாக ஒருமுறை அளந்து, பிறகு கழிக்க வேண்டும்.

ஒரு கிலோ நெய்க்கு 200 கிராம் வாளி என்றால் பிரச்சினை இல்லை. 20 கிராம் நெய்க்கு 5 கிலோ வாளி என்றால்? வாளியின் எடையில் ஒரு சதவீதம் பிசகினாலே 50 கிராம் தப்பு. நெய்யே காணாமல் போய்விடும். புதிதாக உருவாக்கப்படும் பொருட்கள் பெரும்பாலும் சில மில்லிகிராம்தான் கிடைக்கும். அவற்றை அளப்பவர்களின் தினசரி நிலைமை இதுதான். இரண்டு தடவையும் ஒரே அளவு கிரீஸ் வைத்தோமா என்பதுகூட முடிவை மாற்றும். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு 'புதிய நிலை மாற்றம்' தெரிகிறதா இல்லையா என்பதை ஒரு துளி கிரீஸ் தீர்மானிக்கக்கூடும்.

இன்றைக்குப் பல ஆய்வகங்களில் இருப்பது வேறொரு முறை. 1972ல் பிரபலமான இதற்கு 'தளர்வு முறை' என்று பெயர் சொல்லலாம். ஒரே அளவு ஓட்டை உள்ள இரண்டு குடங்களில் எது வடிய அதிக நேரம் எடுக்கிறதோ, அதில்தான் தண்ணீர் அதிகம். அதேபோல் மாதிரியை லேசாகச் சூடாக்கிவிட்டு ஹீட்டரை அணைக்கிறார்கள். மெல்லிய கம்பிகள் வழியாக வெப்பம் வெளியே வடியும். வடிய எவ்வளவு நேரம் ஆகிறது, கம்பிகள் எவ்வளவு வேகமாகக் கடத்துகின்றன என்ற இரண்டும் தெரிந்தால் வெப்ப ஏற்புத்திறன் கிடைத்துவிடும்.

இந்த முறையில் வேலை செய்யும் கருவிகள் கடையில் வாங்கக் கிடைக்கின்றன. இந்தியாவிலும் பல ஆய்வகங்களில் இருக்கின்றன. மாதிரியை வை, பட்டனை அழுத்து, மறுநாள் காலை வரைபடம் ரெடி. இங்கேதான் எனக்கு ஒரு கவலை. மாதிரி மேடையில் சரியாக ஒட்டவில்லை என்றால், வெப்பம் முதலில் மேடைக்கும் மாதிரிக்கும் இடையிலேயே இழுபறி செய்யும். அப்போது ஒரே வேகத்தில் வடியாமல் இரண்டு வேகத்தில் வடியும். மென்பொருள் அதற்கு ஒரு திருத்தம் போடும். ஒட்டுதல் ரொம்ப மோசமாக இருந்தால் திருத்தமும் காப்பாற்றாது. பனிக்கட்டி உருகுவது போல ஒரு குறிப்பிட்ட புள்ளியில் உள்வெப்பம் வாங்கும் கூர்மையான மாற்றங்களில், மென்பொருளின் வழக்கமான கணக்கு முகட்டை மழுங்கடித்துவிடும். எண் வந்துவிட்டது என்பதற்காக அது சரியான எண் ஆகிவிடாது. கருவிக்குள் என்ன கழிக்கப்பட்டது, என்ன ஊகிக்கப்பட்டது என்று தெரிந்தவர்தான் அளந்தவர். மற்றவர் பட்டன் அழுத்தியவர்.

வெப்பமானியே பொய் சொன்னால்?

கசிவை அடக்கியாச்சு, வாளியையும் கழித்தாச்சு. இன்னும் ஒரு கேள்வி மிச்சம். வெப்பநிலை ஏறியது என்று சொல்லும் வெப்பமானி சரியா?

1958ல் உலக நாடுகள் ஒரு அளவுகோலை ஏற்றுக்கொண்டன. திரவ ஹீலியத்தின் ஆவி அழுத்தத்தை வைத்து வெப்பநிலையைச் சொல்லும் முறை. பிறகு பார்த்தால், 4.2 கெல்வின் பக்கத்தில் அது சுமார் 7 மில்லிகெல்வின் பிசகாக இருந்தது. வெறும் 0.2 சதவீதம்தானே? ஆனால் வெப்ப ஏற்புத்திறனில் நாம் வகுப்பது வெப்பநிலையின் ஏற்றத்தால். அளவுகோலில் எங்காவது லேசான வளைவு இருந்தால், மாதிரியில் இல்லாத மேடு பள்ளம் வரைபடத்தில் முளைக்கும். அதைப் பார்த்து ஒருவர் புதிய இயற்பியல் என்று கட்டுரை எழுதலாம். உண்மையில் அது வெப்பமானியின் கோணல்.

இதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. 1960களில் அமெரிக்காவில் கலோரிமீட்டர் வேலை செய்பவர்கள், ஒரே தொகுதியில் தயாரான மிகத் தூய செம்பைப் பொதுவான தரமாக வைத்துக்கொண்டார்கள். செம்பில் மர்மம் எதுவும் இல்லை. எந்தத் திடீர் மாற்றமும் இல்லாத சாதுவான உலோகம். உங்கள் ஆய்வகத்தில் அதை அளந்து பாருங்கள். எல்லோருக்கும் வரும் எண் உங்களுக்கும் வந்தால், பிறகு உங்கள் புதுப் பொருளைப் பற்றிப் பேசலாம். வராவிட்டால் முதலில் உங்கள் வெப்பமானியைச் சரிசெய்யுங்கள். 1976ல் திருத்தப்பட்ட புது வெப்பநிலை அளவுகோல் வந்தது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே தெரிந்த செம்பையே திரும்பத் திரும்ப அளந்த இந்த வேலையை யாரும் கொண்டாடியதில்லை. அது இல்லாமல் கொண்டாட்டத்துக்குரிய எதையும் நம்பியிருக்கவும் முடியாது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்?

மொத்தக் கல்லும் சாட்சி சொல்லும். அதுதான் கிடைக்கும்.

மின்தடையை அளக்கும்போது மின்சாரம் சுலபமான ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து ஓடிவிடும். கல்லில் 99 சதவீதம் சாதாரணப் பொருளாகவும், நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் மீக்கடத்தியாகவும் இருந்தால்கூட, மின்தடை சுழி என்று காட்டும். வெப்பத்துக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. கொடுத்த வெப்பத்தை ஒவ்வொரு அணுவும், ஒவ்வொரு எலெக்ட்ரானும் தன் பங்குக்கு வாங்கிக்கொள்ளும். ஒரு தெருவை மட்டும் பார்த்து ஊரைப் பற்றிச் சொல்வதற்கும், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

குளிருக்குப் போவதன் லாபம் இன்னொன்று. சாதாரண வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வுதான் பெரும் சத்தம். எலெக்ட்ரான்களின் குரல் கேட்கவே கேட்காது. குளிரக் குளிர அதிர்வின் பங்கு மும்மடி வேகத்தில் சரியும். எலெக்ட்ரான்களின் பங்கு நேர் விகிதத்தில்தான் குறையும். செம்பில் 4.2 கெல்வினில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 1 கெல்வினுக்குப் போனால் மொத்தத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலெக்ட்ரான்களுடையது. சந்தை கலைந்த பிறகு ஒரு ஆளின் முணுமுணுப்பு தெளிவாகக் கேட்பது மாதிரி.

அந்த முணுமுணுப்பைக் கேட்டவர்கள் என்னவெல்லாம் கண்டுபிடித்தார்கள்! 1932ல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தில் கீசோம், கோக் இருவரும் வெள்ளீயத்தை அளந்தார்கள். அது மீக்கடத்தியாக மாறும் 3.7 கெல்வினில் வெப்ப ஏற்புத்திறன் சட்டென்று தாவியது. மின்தடை காணாமல் போவது மட்டும் இல்லை, பொருளே வேறொரு நிலைக்குப் போகிறது என்பதற்கு அது சாட்சி. 1954ல் வனேடியத்தை அளந்தபோது, அந்தத் தாவலுக்குக் கீழே எலெக்ட்ரான்களின் பங்கு மளமளவென்று சரிவது தெரிந்தது. எலெக்ட்ரான்களை அசைக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவைப்படுகிறது என்பதற்கான துப்பு அது. மூன்றே வருடத்தில், 1957ல், பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் மீக்கடத்தலுக்கு விளக்கம் கொடுத்தார்கள். அந்தத் தாவலின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றுகூட அவர்களின் கணக்கு சொன்னது.

1979ல் ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டெக்லிச் குழு, சீரியம், செம்பு, சிலிக்கான் சேர்ந்த ஒரு சேர்மத்தை அளந்தது. அதில் எலெக்ட்ரான்கள் வழக்கத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கனமானவை மாதிரி நடந்துகொண்டன. காந்தத்தன்மை உள்ள அணுக்கள் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்பதுதான் அன்றைய பாடப்புத்தகம். ஆனால் வெப்ப ஏற்புத்திறனில் தெரிந்த தாவல் மிகப் பெரியது. எங்கோ ஒட்டிக்கொண்ட அசுத்தத்தால் அவ்வளவு பெரிய தாவல் வராது. கனமான அந்த எலெக்ட்ரான்களே மீக்கடத்துகின்றன என்பதற்கு வெப்பம்தான் சாட்சி.

சரி, இதை ஏன் 'துல்லியமாக' அளக்கணும்? 1987ல் கண்டுபிடித்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு சுமார் 92 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. அந்த வெப்பநிலையில் அணு அதிர்வுகளின் சத்தம் பலமாக இருப்பதால், தாவல் மொத்தத்தில் சில சதவீதம்தான். உங்கள் கருவியின் பிழை 5 சதவீதம் என்றால், அவ்வளவு பெரிய ஒரு கண்டுபிடிப்பு உங்கள் கண்முன்னே ஒளிந்துகொள்ளும். இல்லாத ஒன்று இருப்பது போலவும் தெரியும்.

பெயர் பெரியதாக இருந்தால் போதாது

வெப்ப ஏற்புத்திறனை அளந்தோம் என்று சொன்னாலே நம்பிவிடலாமா? அதுவும் கூடாது.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரங்கா டயஸ் குழு, லுட்டீசியம், ஹைட்ரஜன், நைட்ரஜன் சேர்ந்த பொருள் ஒன்று அறை வெப்பநிலையில் மீக்கடத்தி என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. மின்தடை, காந்தத்தன்மை, வெப்ப ஏற்புத்திறன் மூன்றையும் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். மற்ற ஆய்வகங்களால் அதைத் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. தரவுகளின் மீது கேள்விகள் எழுந்தன. 11 ஆசிரியர்களில் 8 பேரே கேட்டுக்கொண்ட பிறகு, அதே ஆண்டு நவம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அளவீட்டின் பெயர் ஒரு முத்திரை இல்லை. மூலத் தரவு வெளியே இருக்கணும். வேறொருவர் வேறொரு இடத்தில் அளந்து அதே எண் வரணும்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையும் இங்கே பொருந்தும். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், படிகங்களின் வெப்ப ஏற்புத்திறன் விஷயத்தில் டெபையின் கோட்பாடே தவறு என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1951ல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. டெபையின் எளிய கணக்கு நடுத்தர வெப்பநிலைகளில் அளவீட்டோடு முழுசாகப் பொருந்தாது. ஆனால் படிகத்தில் சில குறிப்பிட்ட அதிர்வெண்கள் மட்டும்தான் உண்டு என்ற ராமனின் முடிவு நிற்கவில்லை. 1950களில் கனடாவின் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ் நியூட்ரான்களைக் கொண்டு அணு அதிர்வுகளை நேரடியாகவே அளந்தார். அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருந்தன. நோபல் பரிசு பெற்ற ராமனாக இருந்தாலும், கடைசி வார்த்தை அளவீட்டினுடையது. இதில் ராமனுக்குக் குறைவு எதுவும் இல்லை. அறிவியல் அப்படித்தான் நடக்கணும்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

குளிரில் சின்ன வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு விலை உயர்ந்த உதாரணம் இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் மோதுவியில் காந்தங்கள் 1.9 கெல்வினில் வேலை செய்கின்றன. 2008 செப்டம்பர் 19 அன்று, காந்தங்களை இணைக்கும் ஒரு மின் இணைப்பு பழுதாக இருந்ததால் வெப்பம் உருவாகி, இணைப்பே உருகிப்போனது. சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. இயந்திரம் மீண்டும் ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினால், விபத்துக்குச் சில நாட்கள் முன்பே அந்தப் பகுதியில் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு ஏறியிருந்தது. எச்சரிக்கை வந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு வெப்பத்தை அளந்துதான் மற்ற பழுதான இணைப்புகளைத் தேடினார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் விண்கலத்தில் உள்ள கருவி, 0.05 கெல்வினில் இயங்குகிறது. அங்கே வெப்ப ஏற்புத்திறன் அவ்வளவு குறைவு என்பதால், ஒரே ஒரு எக்ஸ் கதிர்த் துகள் வந்து விழுந்தாலும் ஏறும் சூட்டை அளந்து அதன் ஆற்றலைச் சொல்லிவிடும். ஆய்வாளர்களைப் படாதபாடு படுத்திய அதே பலவீனம், இங்கே பலமாகிவிட்டது.

இந்தியாவும் 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மீக்கடத்திகளில் ஓடும் குவாண்டம் கணினி வேண்டும் என்றால், ஒரு கெல்வினுக்கும் மிகக் கீழே வேலை செய்யும் ஆட்கள் வேண்டும். கருவியை வாங்கிவிடலாம். அது தரும் எண்ணைச் சந்தேகப்படத் தெரிந்த ஆளை வாங்க முடியாது, வளர்க்கத்தான் முடியும். ஒரு முதுகலை மாணவர் ஆறு மாதம் செம்பையே அளந்து, தன் வெப்பமானியைச் சரிபார்த்தால், நம் கல்வி நிறுவனங்களில் அதற்கு மதிப்பெண் கிடைக்குமா? புதுப் பொருள் என்ற தலைப்போடு கட்டுரை போட்டவருக்குத்தான் கிடைக்கும் என்றால், நாம் பட்டன் அழுத்துபவர்களைத்தான் உருவாக்குவோம்.

செய்தி எழுதும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மிதக்கும் கல்லுக்கு முதல் நாளே தலைப்பு கிடைக்கிறது. அது மிதக்கவில்லை என்று காட்டிய அளவீட்டுக்கு மூன்றாவது வாரம் நாலு வரி. இந்தக் கணக்கை மாற்ற வாசகரும் உதவலாம்.

அடுத்த முறை 'உலகை மாற்றும் பொருள்' என்று ஃபார்வர்டு வந்தால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: அளந்தது கல்லின் ஒரு ஓரத்தையா, மொத்தக் கல்லையா? இரண்டு: எதைக் கழித்தார்கள், பிழை எத்தனை சதவீதம் என்று சொல்லியிருக்கிறார்களா? மூன்று: தொடர்பே இல்லாத வேறொரு ஆய்வகம் அளந்து அதே எண் வந்ததா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக ஷேர் பண்ணுங்க. இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். வெபர் அடுத்த பனி விழும் வரை காத்திருந்தார். நாம் ஒரு மாதம் காத்திருக்க முடியாதா என்ன?